ஒரு காம்பரா, ஐந்து ஒலிகள்: தோட்டத்து வீட்டுக் கணினியில் ஒலிப்பதிவு பற்றிய நிகழ்வு ஆய்வு

ஹற்றனிலிருந்து மஸ்கெலியா போகும் பாதையோரத் தோட்டமொன்றின் லயத்து (தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பு) வீடுதான் இந்த ஆய்வின் களம். பிள்ளைகளின் படிப்புக்காக வாங்கிய மேசைக் கணினி ஒன்றும் பழைய மடிக்கணினி ஒன்றும் அங்கே இருந்தன. கைவசம் இருக்கும் ஒலிகள் அழிந்துபோகுமுன் கணினியில் ஏற்றிவைக்க வேண்டும் என்று வீட்டார் நினைத்தார்கள். ஒரு பிஸ்கட் டின் நிறையக் கசெட்டுகள் இருந்தன. 1980களின் மாசி மாதங்களில் ஆடிய காமன் கூத்தும், கோயில் திருவிழாவும், தாலாட்டும் அவற்றில் இருந்தன. பழைய கைப்பேசிகளின் மெமரி கார்டுகளிலும் பதிவுகள் கிடந்தன. றேடியோ நிகழ்ச்சிகள் வேண்டியிருந்தன. இன்னும் தெளிவாகப் பாடக்கூடிய ஒரு அப்பாயி அதே லயத்தில் இருந்தார். அடுத்த கூத்துக்குத் தயாராகும், தப்பு (தோல் பறை) அடிக்கும் குழுவும் இருந்தது.

இந்த ஐந்தையும் ஒரே வழியால் உள்ளே கொண்டுவந்தார்கள்: கணினியின் இளஞ்சிவப்பு மைக் துளை. கசெட், றேடியோ, கைப்பேசி மூன்றையும் ஹெட்போன் துளையிலிருந்து ஒரே வயரால் இணைத்தார்கள். குரலுக்கும் தப்புக்கும் இணைய வகுப்புக்கு வாங்கிய ஹெட்செட் மைக்கைப் பயன்படுத்தினார்கள். கசெட் கரகரத்தது, அதுவும் ஒரு காதில் மட்டும். றேடியோவுக்கு அடியில் ஓயாத உறுமல். அப்பாயி மூச்சு வாங்கும் இடைவெளியிலெல்லாம் மழைச் சத்தம் பொங்கி எழுந்தது. தப்பு, அட்டைப் பெட்டியைத் தட்டியதுபோல் வந்தது. பிறகு வேறு வேறு மென்பொருட்களை இறக்கிப் பார்த்தார்கள், எதிலும் மாற்றமில்லை. மென்பொருளில் பிழை இருந்தால்தானே மாறும்? ஒலி அந்த மென்பொருளுக்கு வந்துசேருமுன்பே, வரும் வழியில் கெட்டிருந்தது. அப்படிக் கெட்டதில் பெரும்பகுதியைப் பிறகு மீட்க முடியாது. அதனால்தான் கீழே திருத்தும் வேலைகளைவிட உள்ளே எடுக்கும் வேலைகளுக்கே அதிக இடம் கொடுக்கிறோம்.

எந்தத் துளை

மைக்கிலிருந்து வருவது சில மில்லிவோல்ட் மட்டுமே. ஆகவே மைக் துளைக்குப் பின்னால், வருவதைப் பல மடங்கு பெருக்கும் சுற்று இருக்கிறது. விண்டோஸ் அமைப்பில் அதற்கு மேலாக 10, 20, 30 டெசிபல் கூட்டும் வசதியும் உண்டு. கசெட் கருவியின் ஹெட்போன் துளையிலிருந்து வருவதோ வோல்ட் கணக்கில் பேசப்படும் அளவு. அது அந்தப் பெருக்கியை நிரப்பி வழிந்து, அலையின் தலையும் காலும் வெட்டுப்படும். இதை அடையாளம் காண ஒரு நிச்சயமான வழி உண்டு. ஓடாசிட்டி என்ற இலவச ஒலிப்பதிவு மென்பொருளில் அலையை நன்றாக விரித்துப் பாருங்கள். உச்சிகள் 0 டெசிபலை (பதிவின் உச்ச எல்லை) தொடாமல், பாதி உயரத்திலேயே தட்டையாக நின்றால், வெட்டு நடந்தது பதிவு அளவுக் கட்டுப்பாட்டுக்கு முன்னால். அந்தக் கட்டுப்பாட்டை எவ்வளவு குறைத்தாலும் வெட்டுப்பட்ட அலை சிறிய உருவில் வருமே தவிர, நேராகாது. இந்த வீட்டின் முதல் பதிவுகள் அத்தனையிலும் இதுதான் தெரிந்தது.

ஒரு காதில் மட்டும் கேட்டதற்கும் காரணம் அந்தத் துளையே. ஸ்டீரியோ பிளக்கின் நுனி இடப்பக்கம், அதற்கடுத்த வளையம் வலப்பக்கம். கணினி மைக் துளையில் அந்த வளையத்தில்தான் மைக்குக்கு வேண்டிய சிறு மின்னழுத்தம் வரும். வலப்பக்க ஒலிக்கு அங்கே இடமில்லை.

மேசைக் கணினியின் பின்பக்கத்தில் நீலத் துளை இருக்கும். அதுதான் லைன்-இன். கசெட்டுக்கும் றேடியோவுக்கும் உரிய வழி அது. கருவியில் சிவப்பு, வெள்ளை ஆர்சிஏ துளைகள் இருந்தால் அவற்றிலிருந்து 3.5 மில்லிமீற்றர் ஸ்டீரியோ பிளக்குக்குப் போகும் வயரைப் பயன்படுத்துங்கள். ஹெட்போன் துளை மட்டும் இருந்தால் இரு முனையும் 3.5 மில்லிமீற்றர் ஸ்டீரியோவாக உள்ள வயர் போதும். கருவியின் ஒலி அளவைப் பாதியில் வைத்து, பேஸ், டிரெபிள் இரண்டையும் நடுவில் நிறுத்துங்கள்.

மடிக்கணினிகளில் பெரும்பாலும் நீலத் துளை கிடையாது. ஹெட்செட்டுக்கான ஒற்றைத் துளைதான் இருக்கும், அதில் உள்ளே போவது மைக் அளவிலான ஒற்றை வழி. கடைகளில் விற்கும் விரலளவு யூஎஸ்பி சவுண்ட் கார்ட்டுகள் பலவும் இதே வகை. வாங்குமுன் "லைன்-இன், ஸ்டீரியோ" என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெஹ்ரிங்கர் யூசிஏ202 போன்ற சிறு கருவியில் இரண்டு ஆர்சிஏ உள்ளீடுகள் இருக்கின்றன. 16 பிட், 48 கிலோஹேர்ட்ஸ் வரை எடுக்கும். கசெட்டுக்கு அதற்கு மேல் தேவையே இல்லை. வேறு வழியே இல்லாமல் மைக் துளைக்குத்தான் கொடுக்க வேண்டும் என்றால், வயரின் நடுவில் 10 கிலோஓம் தடையைத் தொடராகவும், மைக் பக்கத்தில் 1 கிலோஓம் தடையை நிலத்துக்கும் போட்டால் அளவு பதினொன்றில் ஒன்றாக, சுமார் 21 டெசிபல், குறையும். கரகரப்பு நிற்கும். ஸ்டீரியோ மட்டும் கிடைக்காது.

இனி விண்டோஸ் பக்கம். ஒலி அமைப்புக்குள் போய் பதிவுக்குப் பயன்படுத்தும் உள்ளீட்டை, லைன்-இன்னோ மைக்கோ, தேர்ந்து, "மேம்பாடுகள்" என்று வரும் எல்லாவற்றையும் அணைக்க வேண்டும். இரைச்சல் நீக்கம், எதிரொலி நீக்கம், தானாக அளவு கூட்டுவது எல்லாம் பேச்சு அழைப்புக்காகச் செய்யப்பட்டவை. தப்பின் அடியை அவை இரைச்சல் என்றே எடுத்துக்கொள்ளும். தப்பு அட்டைப் பெட்டியாக மாறியதும், மழை பொங்கி எழுந்ததும் இவற்றால்தான். அடுத்து, அதே இடத்தில் மாதிரி வீதத்தை (வினாடிக்கு எத்தனை தடவை ஒலி அளக்கப்படுகிறது என்பது) பார்த்து, ஓடாசிட்டியிலும் அதே வீதத்தை வைக்க வேண்டும்: 44,100 என்றால் இரண்டிலும் 44,100. ஓடாசிட்டியின் ஒலி அமைப்பு முறையில் வாசாபியை (WASAPI, விண்டோஸின் ஒலி வழிகளில் ஒன்று) தேர்வது நல்லது. மைக்கில் எதுவுமே வரவில்லை என்றால் வயரைச் சந்தேகிக்குமுன், விண்டோஸின் அந்தரங்க அமைப்பில் மைக்குக்கு அனுமதி கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள்.

உறுமல்

இலங்கையின் கரண்ட் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். பதிவுக்கு அடியில் ஓடும் உறுமல், ஓடாசிட்டியின் அலைவரிசைப் படத்தில் (எந்த ஹேர்ட்ஸில் எவ்வளவு ஒலி என்று காட்டுவது) 50, 100, 150 ஹேர்ட்ஸ்களில் கோடுகளாகத் தெரிந்தால் அது கரண்டிலிருந்து வருவது. இந்த வீட்டில் கசெட் கருவி ஒரு சுவரிலும் கணினி எதிர்ச் சுவரிலும் செருகப்பட்டிருந்தன. இரண்டுக்கும் இடையே ஒலி வயரின் உறை வழியாக ஒரு சுற்று உருவாகி, அதில் ஓடிய சிறு மின்னோட்டம் உறுமலாகக் கேட்டது.

சோதிப்பது சுலபம். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றி பற்றரியில் ஓடவிடுங்கள். உறுமல் நின்றால் காரணம் அந்தச் சுற்று. இரண்டு கருவிகளையும் ஒரே மல்டிபிளக்கில் செருகினால் பெரும்பாலும் சரியாகும். ஆகாவிட்டால் ஒலி வயரின் நடுவே 1:1 ஒலித் தனிமைப்படுத்தும் மின்மாற்றி போடலாம். கார் ஒலிக்கருவி விற்கும் கடைகளில் அது இருக்கும். பிளக்கின் நில ஊசியைப் பிடுங்கி உறுமலை நிறுத்துவோர் இருக்கிறார்கள். அதைச் செய்யவே கூடாது. பழைய லய வயரிங்கில் அந்த ஊசிதான் உயிரைக் காக்கும்.

உறுமலோடு விட்டுவிட்டு "டிரிக்-டிரிக்" என்று ஒரு சத்தமும் வந்தது. அது கைப்பேசி. 2ஜியில் கைப்பேசி வினாடிக்கு 217 தடவை துடித்துத் துடித்து அலை அனுப்புகிறது. சிக்னல் குறைந்த பள்ளத்தில் அது தன் முழுச் சக்தியையும் போடும். பதிவு நேரத்தில் எல்லாக் கைப்பேசிகளும் விமான நிலைக்கு (ஏர்பிளேன் மோட்) போக வேண்டும், அல்லது அடுத்த வீட்டுக்கு.

கசெட்டுகள்

அதிக உழைப்பைக் கேட்டது இதுதான். மலைநாட்டு ஈரத்தில் டின்னுக்குள் கிடந்த கசெட்டுகளின் கண்ணாடி வழியே பார்த்தால் நாடாச் சுருளின் விளிம்பில் வெள்ளைப் பொடி தெரிந்தது. அது பூஞ்சணம். அப்படியே கருவியில் போட்டால் அது நாடாவை வாசிக்கும் தலையில் (ஹெட்) ஒட்டி உயர் ஒலிகளைக் கொல்லும்; அடுத்து போடும் நல்ல கசெட்டுக்கும் தாவும். முதலில் பூஞ்சணம் பிடித்தவற்றைத் தனியாகப் பிரித்து, சிலிக்கா ஜெல் பைகளோடு இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் சில நாட்கள் வைத்தார்கள். பிறகு முகக்கவசம் போட்டு, இஸ்தோப்பில் (வீட்டு முன்விறாந்தை) வைத்து, உலர்ந்த மென்தூரிகையால் சுருளின் விளிம்பைத் துடைத்தார்கள். ஐந்து திருகாணி உள்ள கசெட் என்றால் திறந்து செய்யலாம். ஒட்டி மூடியதைப் பிளந்து, நாடாவைத் திருகாணி உள்ள வேறு ஓட்டுக்கு மாற்ற வேண்டும். வேலைக்குப் பயன்படும் பழைய கருவி ஒன்றைப் பூஞ்சணக் கசெட்டுகளுக்கென்றே ஒதுக்குவது நல்லது.

திறக்கும்போது நாடாவின் பின்னால் இருக்கும் சிறு கம்பளித் துண்டையும் பார்க்க வேண்டும். பழைய கசெட்டுகளில் பசை உலர்ந்து அது விழுந்திருக்கும். அது இல்லாவிட்டால் நாடா தலையோடு அழுந்தாது; ஒலி வந்து வந்து மறையும்.

கருவியின் தலையையும் உலோகத் தண்டையும் ஐசோபுரோபைல் அற்ககோல் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்தார்கள். இறப்பர் உருளைக்கு அதைத் திரும்பத் திரும்பப் போட்டால் இறப்பர் வறளும்; இலேசான சவர்க்காரத் தண்ணீர் போதும். துடைத்த பின் ஒவ்வொரு கசெட்டையும் ஒரு தடவை கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றினார்கள். ஆண்டுக்கணக்காக இறுகிக் கிடந்த சுருள் இதனால் தளரும். சி60 நாடாவின் தடிப்பு சுமார் 18 மைக்ரோன், சி90 சுமார் 12, சி120 சுமார் 9. சி120 கசெட்டை வேகமாகச் சுற்றுவதைத் தவிர்க்க வேண்டும். அது இழுபடும், உருளையிலும் சுற்றிக்கொள்ளும்.

அடுத்தது தலையின் சாய்வு. பதிவுசெய்த கருவியின் தலை எந்தக் கோணத்தில் நின்றதோ, அதே கோணத்தில் வாசித்தால்தான் உயர் ஒலிகள் முழுதாக வரும். தலையின் பக்கத்தில் சுருள்வில்லோடு ஒரு சிறு திருகாணி இருக்கிறது. அதன் தொடக்க நிலையை மையால் குறித்துவிட்டு, இரு பக்கத்தையும் ஒன்றாகக் கூட்டி மோனோவில் கேட்டபடி, எட்டில் ஒரு சுற்றுக்கு மேற்போகாமல் மெல்லத் திருப்ப வேண்டும். சலங்கைச் சத்தம் எந்த இடத்தில் மிகக் கூர்மையாகக் கேட்கிறதோ அங்கே நிறுத்துங்கள். மோனோவில் கேட்பதற்குக் காரணம் உண்டு: சாய்வு கொஞ்சம் பிசகினாலும் இரு பக்கத்தின் உயர் ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்வது உடனே காதில் படும். அந்தக் காலத்து ரெக்கோடர்கள் பெரும்பாலும் மோனோ. இன்றைய ஸ்டீரியோ தலை அந்த ஒரே ஒலியை இரண்டு தடவை வாசிக்கிறது. சாய்வு சரியாக இருந்தால் இரண்டையும் கூட்டும்போது இரைச்சல் சுமார் 3 டெசிபல் குறைகிறது. எனவே பதிவை ஸ்டீரியோவில் எடுத்துவைத்து, கூட்டுவதைப் பிறகு செய்யலாம்.

டொல்பி (இரைச்சல் குறைப்பு) பொத்தான் அணைந்திருக்க வேண்டும். வீட்டு ரெக்கோடரில் எடுத்தவற்றில் அது இல்லை. உச்சி -6 டெசிபலைத் தொடும்படி அளவை வைத்து, ஒரு பக்கத்தை இடையில் நிறுத்தாமல் முழுதாக எடுக்க வேண்டும். பாட்டுக்கு முன்னால் வரும் வெறும் இரைச்சலை வெட்டிவிடாதீர்கள். பின்னால் இரைச்சலைக் குறைக்கும்போது மாதிரியாகக் காட்ட அதுதான் உதவும்.

வேகம்: கோயில் மணி காட்டிய கணக்கு

கூத்துக் கசெட்டுகளில் ஒரு விசித்திரம் இருந்தது. ஒரு பக்கத்தின் தொடக்கத்தில் ஆண்குரலாகக் கேட்ட பாடகர் அதே பக்கத்தின் முடிவில் இளம் பையனைப் போலப் பாடினார். தாளமும் விரைந்தது. கூத்தின் உச்சம் என்று இதை எண்ணிவிடலாம். உண்மைக் காரணம் பற்றரி. கரண்ட் இல்லாத இடத்தில் உருண்டைப் பற்றரிகளைப் போட்டு எடுத்த பதிவு அது. பற்றரி இறங்க இறங்க மோட்டார் மெதுவானது. மெதுவாக ஓடிய நாடாவை இன்று சரியான வேகத்தில், அதாவது வினாடிக்கு 4.76 சென்ரிமீற்றரில், வாசித்தால் எல்லாம் விரைவாகவும் உயர்வாகவும் கேட்கும்.

திருத்த வேண்டுமானால் மாறாத ஒரு சுரம் வேண்டும். தப்பு உதவாது, தீயில் காய்ச்சக் காய்ச்ச அதன் சுரம் ஏறும். குரலும் உதவாது. கரண்டில் எடுத்த பதிவாக இருந்திருந்தால் அதில் பதிந்த 50 ஹேர்ட்ஸ் உறுமலே அளவுகோலாகும்: அலைவரிசைப் படத்தில் இரண்டு கோடுகள் தெரியும், சரியாக 50இல் நிற்பது இன்றைய கருவியினுடையது, சற்றே தள்ளி நிற்பது அன்றைய பதிவினுடையது. இங்கே அதுவும் இல்லை. ஆனால் கசெட்டின் தொடக்கத்தில் பூசை மணியும் முடிவில் தீபாராதனை மணியும் ஒலித்தன. அந்த மணி இன்றும் அதே கோயிலில் தொங்குகிறது.

மணியைக் கைப்பேசியில் பதிந்து, ஓடாசிட்டியின் அலைவரிசைப் படத்தில் அதன் வலுவான சுரத்தைப் பார்த்து, கசெட்டில் உள்ளதோடு ஒப்பிட வேண்டும். கணக்கு இப்படிப் போகும்: இன்றைய மணி 800 ஹேர்ட்ஸ், கசெட்டின் தொடக்கத்தில் 808, முடிவில் 848 என்று வைத்துக்கொண்டால், தொடக்கம் 1 சதவீதமும் முடிவு 6 சதவீதமும் அதிக வேகம். 6 வீதம் என்பது ஏறக்குறைய ஓர் அரைச் சுரம். 800ஐ 808ஆல் வகுத்தால் 0.990, 848ஆல் வகுத்தால் 0.943. ஆகவே தொடக்கத்தில் -1.0 வீதமும் முடிவில் -5.7 வீதமும் ஆக, மெல்ல மெல்ல மாறும் திருத்தம் வேண்டும். ஓடாசிட்டியில் உள்ள நகரும் நீட்டல் விளைவு இதைச் செய்யும். வேகத்துக்கும் சுரத்துக்கும் ஒரே வீதத்தைக் கொடுக்க வேண்டும். படத்தின் துல்லியம் போதாவிட்டால் அதில் உள்ள அளவை (Size) 65536க்கு உயர்த்துங்கள். பற்றரி நேர்கோட்டில் இறங்குவதில்லை, கடைசியில்தான் சரியும். அதனால் நடுவில் ஒரு தடவை காதால் சரிபார்த்து, தேவைப்பட்டால் பக்கத்தை இரண்டாகப் பிரித்துத் திருத்த வேண்டும். திருத்தியது தனிக் கோப்பாகவே இருக்கட்டும். நாளை யாராவது இதைவிட நல்ல முறையில் செய்யக்கூடும். அவர்களுக்கு மூலம் வேண்டும்.

றேடியோவும் கைப்பேசியும்

எஃப்எம் றேடியோவின் ஹெட்போன் வயர்தான் பல சிறு கருவிகளில் ஏரியல். அதைக் கழற்றி கணினிக்கு வயர் போட்டதும், கணினியின் மின்சார இரைச்சல் முழுவதும் ஏரியலுக்குள் போகிறது. இழுக்கும் ஏரியல் உள்ள றேடியோவைப் பயன்படுத்தி, கணினியிலிருந்து இரண்டு மீற்றராவது தள்ளி யன்னலோரம் வைத்ததும் நிலைமை மாறியது. எஃப்எம் அலை மலையைச் சுற்றி வளைந்து வராது. லயத்தின் ஒரு கோடியில் கேட்காதது மறுகோடியில் கேட்கும்.

அதே நிலையம் இணையத்திலும் ஒலிபரப்பினால் வயரே வேண்டாம். வாசாபியில் "லூப்பேக்" என்று முடியும் சாதனத்தைத் தேர்ந்தால் கணினியில் ஒலிப்பது நேரே பதிவாகும். ஒலி எதுவும் ஓடாதபோது பதிவும் நகராமல் நிற்கும்; பழுது என்று எண்ண வேண்டாம். அறிவிப்பு மணிகளும் உள்ளே வந்துவிடும் என்பதால் அவற்றை அணைத்துவிடுங்கள். ஒலிபரப்பு நிகழ்ச்சி வீட்டில் கேட்பதற்குச் சரி. பொதுவில் ஏற்றுவதென்றால் நிலையத்தின் அனுமதி வேண்டும்.

கைப்பேசிப் பதிவுகளை வயரால் ஓட்டிப் பதிவதில் அர்த்தமில்லை. அவை ஏற்கனவே எண்கள். மெமரி கார்டை வாசிப்பானில் போட்டு கோப்பாகவே பிரதியெடுக்க வேண்டும். ஏஎம்ஆர், எம்4ஏ, ஓபஸ் போன்ற வடிவங்கள் ஓடாசிட்டியில் திறக்காவிட்டால் எஃப்எஃப்எம்பெக் நூலகத்தைச் சேர்த்தால் திறக்கும். பழைய கைப்பேசியின் ஏஎம்ஆர் கோப்பு 8 கிலோஹேர்ட்ஸில் எடுத்தது. 3,400 ஹேர்ட்ஸுக்கு மேல் அதில் ஒன்றுமில்லை, எந்த மென்பொருளாலும் அதை வரவழைக்கவும் முடியாது. உறவினரிடமிருந்து புதிதாக ஒரு பதிவு வர வேண்டும் என்றால் வட்ஸ்அப்பில் குரல் செய்தியாக அல்ல, ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள்.

அப்பாயியின் குரல்

லயக் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. இந்த அளவு அறையில் சுவர்களுக்கிடையே 47, 56 ஹேர்ட்ஸ் அருகிலும், அவற்றின் இரட்டிப்பான 93, 112 அருகிலும் ஒலி தேங்கும். ஆண்குரலின் அடிச்சுரம் இந்த மேல் இரண்டுக்கும் பக்கத்தில்தான் இருக்கிறது. சுவரோரம் இருந்து பேசினால் குடத்துக்குள் பேசியதுபோல் இருக்கும். பெண்குரல் இதில் தப்பும், ஆனால் வெற்றுச் சுவரின் எதிரொலியில் தப்பாது. சரியாக நடுவிலும் சுவரோரத்திலும் இல்லாமல், நீளத்தில் மூன்றில் ஒரு பங்குத் தூரத்தில் அமர வைத்து, அவருக்குப் பின்னாலும் பக்கவாட்டிலும் கயிறு கட்டிக் கம்பளிகளைத் தொங்கவிட்டார்கள். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரம், வாய்க்கு நேரே அல்லாமல் சற்றுப் பக்கமாக. மூச்சுக் காற்று மைக்கில் மோதாது.

கணினியின் விசிறிச் சத்தம் மிக அமைதியான பதிவில் கேட்கும். யூஎஸ்பி மைக் என்றால் வயர் 5 மீற்றருக்கு மேல் போகக்கூடாது. அந்த நீளத்துக்குள் கணினியை அடுத்த காம்பராவில் வைக்க முடிந்தது. எக்ஸ்எல்ஆர் வயர் உள்ள மைக்கும் அதற்கான இடைமுகக் கருவியும் இருந்தால் தூரம் ஒரு பிரச்சினையே இல்லை.

தகரக் கூரையில் மழை விழுந்தால் பதிவை நிறுத்துவது மட்டுமே வழி. மழைச் சத்தம் எல்லா அலைவரிசையிலும் பரவியிருக்கிறது. "ச", "ஷ" போன்ற எழுத்துகள் இருக்கும் அதே இடத்தில். அதை நீக்கினால் அவையும் போகும். மேற்குச் சரிவில் ஹற்றன், நோர்வூட், மஸ்கெலியா பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அங்கே ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். பதுளை, பண்டாரவளைப் பக்கம் வடகிழக்குப் பருவமழை என்பதால் கணக்கு வேறு. நாளில் நல்ல நேரம், ஆட்கள் மலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போன பின்னான முற்பகல்.

தாலாட்டு காம்பராவிலேயே நன்றாக அமைந்தது. ஒப்பாரியை வீட்டுக்குள் பாட அப்பாயி மறுத்தார். சாவில்லாத வீட்டில் ஒப்பாரி வைப்பதில்லை என்பது அவரது வழக்கம்; அதை மீறச் சொல்லிக் கேட்பது முறையல்ல. பற்றரியில் ஓடும் மடிக்கணினியோடு, வீட்டைவிட்டுத் தள்ளி, காற்று மறைவான ஒரு மண்மேட்டுப் பக்கம் எடுத்தார்கள். வெளியே மைக்குக்கு மெல்லிய நுரை உறை மட்டும் போதாது. அதன் மேல் ரோமம் உள்ள துணி உறையும் வேண்டும். ஒப்பாரியில் முணுமுணுப்புக்கும் உச்சக் குரலுக்கும் இடையே 20 டெசிபலுக்கு மேல் வித்தியாசம் வரும். 24 பிட்டில் எடுத்து, சாதாரணக் குரலை -18 டெசிபல் அருகில் வைத்தால் உச்சத்துக்கு இடமிருக்கும். அளவை நடுவில் தொடக்கூடாது.

தப்பு

தப்பைக் காம்பராவுக்குள் எடுக்க முயல்வது வீண். லயத்துக்கு முன்னால் உள்ள வெளியில், வாசிப்பவரிடமிருந்து ஒன்றரை, இரண்டு மீற்றர் தள்ளி, இடுப்பு உயரத்தில், தோலுக்கு நேரே அல்லாமல் சாய்வாக மைக்கை வைக்க வேண்டும். மிக அருகே வைத்தால் குச்சியின் சுள்ளென்ற சத்தம் மட்டும் விழும். தோலின் குரல் உருவாகக் கொஞ்சம் தூரம் தேவை. ஷூர் எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக் இந்த அடியைத் தாங்கும். மலிவான கொண்டென்சர் மைக்குகள் பலவும் தங்களுக்குள்ளேயே வெட்டுப்படும். அளவைக் குறைத்தாலும் பயனில்லை.

அளவு வைப்பதில் ஒரு நுட்பம் உண்டு. மூடுபனி இறங்கும் மாலையில் தோல் சில நிமிடங்களில் தளர்ந்துவிடும். தளர்ந்த தப்பில் அடித்துக் காட்டச் சொல்லி அளவு வைத்தால், தீயில் காய்ச்சி வந்து அடிக்கும் முதல் அடியே வெட்டுப்படும். காய்ச்சிய தப்பு அதிகச் சத்தமும் அதிகக் கூர்மையும் உடையது. ஆகவே காய்ச்சிய உடனே, இருப்பதிலேயே பலமான அடியை அடிக்கச் சொல்லி, உச்சி -12 டெசிபலில் நிற்கும்படி வைக்க வேண்டும். மானி சராசரியில் குறைவாகக் காட்டும். அதை நம்பாதீர்கள், உச்சியைப் பாருங்கள். காய்ச்சி எவ்வளவு நேரத்தில் எடுத்தது என்று ஒவ்வோர் அடிக்கும் குறித்துவைத்தால், இரண்டு பதிவுகளின் சுரம் ஏன் வேறுபடுகிறது என்று பின்னர் கேட்பவர்களுக்குப் புரியும்.

பாடுபவருக்கு ஒரு கருவி, தப்புக்கு ஒரு கருவி என்று தனித்தனியே எடுத்தால் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு கைத்தட்டு வேண்டும். இரண்டு கருவிகளின் கடிகாரமும் ஒன்றுபோல் ஓடாது. பத்து இலட்சத்தில் ஐம்பது பங்கு வித்தியாசம் என்றாலும் ஒரு மணித்தியாலத்தில் 0.18 வினாடி விலகும். அடவு பிசகியதுபோல் கேட்க அதுவே போதும்.

இடமும் காப்பும்

44.1 கிலோஹேர்ட்ஸ், 16 பிட் ஸ்டீரியோ வேவ் கோப்பு நிமிடத்துக்கு 10 மெகாபைட்டுக்குச் சற்று மேல், மணித்தியாலத்துக்கு சுமார் 635 மெகாபைட். 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட் என்றால் மணித்தியாலத்துக்கு ஒரு கிகாபைட்டைத் தாண்டும். ஓடாசிட்டி வேலைசெய்யும்போது 32 பிட்டில் வைப்பதால் இதைவிட அதிக இடம் கேட்கும். ஃபிளாக் வடிவில் எதையும் இழக்காமல் ஏறக்குறைய பாதியாகச் சுருங்கும். மூலத்தை ஃபிளாக்கில் இரண்டு தனித்தனி வட்டுகளில் வைத்து, ஒன்றை வேறு வீட்டில் கொடுத்துவைத்தார்கள். எம்பி3 பகிர்வதற்கு மட்டும்.

இரைச்சல் குறைப்பில் கசெட்டுக்கு 6 முதல் 9 டெசிபல் போதும். அதற்கு மேல் போனால் சலங்கையும் மூச்சும் கரைந்து, பின்னணியில் சிறு சிணுங்கல்கள் தோன்றும்.

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடிமின்னல் மலைநாட்டில் வழக்கம். வானம் இருண்டால் கணினியையும் கருவியையும் சுவரிலிருந்து கழற்றிவிட வேண்டும்; பொத்தானை அணைப்பது மட்டும் காக்காது. கரண்ட் போனாலும் ஓடாசிட்டி எழுதிய மட்டும் மீட்டுத் தரும், ஆனால் ஓடிக்கொண்டிருந்த கசெட் இறப்பர் உருளைக்கும் தண்டுக்கும் இடையே நசுங்கி நிற்கும். உடனே நிறுத்தப் பொத்தானை அழுத்தி விடுவிக்காவிட்டால் நாடாவில் தழும்பு விழும்.

மைக் துளை வழியாக முதலில் எடுத்த கசெட் பதிவுகள் அனைத்தும் மறுபடி எடுக்கப்பட்டன. ஒரு கூத்துக் கசெட்டில் மட்டும் கரகரப்பு போகவில்லை. அது 1980களிலேயே ரெக்கோடரின் மைக்குக்கு மிக அருகில் தப்பு அடித்ததால் நாடாவிலேயே பதிந்துவிட்டது. அதை அப்படியே வைத்திருக்கிறார்கள். பூஞ்சணம் பிடித்த சி120 ஒன்று இன்னும் ஓட்டப்படாமல் சிலிக்கா ஜெல்லோடு இருக்கிறது. அதை வேகமாகச் சுற்றாமல், சாதாரண வேகத்திலேயே ஒரு தடவை ஓட்டி, அந்த முதல் ஓட்டத்தையே பதிவாக எடுப்பதுதான் சரியான முறை. மெல்லிய நாடா இரண்டாவது ஓட்டத்துக்குத் தாங்குமா என்பதற்கு உத்தரவாதமில்லை.